வீட்டிலேயே விளம்பரப் படம் எடுக்க...

ஊறுகாய், பொடி, ஜூஸ் என வீட்டில் தயாரித்து விற்கிறீர்களா? கையில் இருப்பதை வைத்தே விளம்பரப் படம் எடுத்துவிடலாம்.

* நேர் வெயில் விழாத ஜன்னலோரம் மேஜையைப் போடுங்கள். வெயில் வந்தால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் நிறம் மாறிவிடும்.

* வெள்ளை சார்ட் பேப்பரின் மேல்விளிம்பைச் சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து மேஜைமேல் இறக்குங்கள். பின்னணியில் கோடு தெரியாது.

* ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் தணியும். கண்ணாடி பாட்டிலின் இருபக்கமும் கறுப்பு அட்டை வைத்தால் விளிம்பு எடுப்பாகத் தெரியும்.

* ஜூஸ் பாட்டில் ‘சில்’லென்று தெரிய, கிளிசரினும் தண்ணீரும் சம அளவு கலந்து வெளிப்புறம் தெளியுங்கள். துளிகள் முத்து முத்தாக நிற்கும், சீக்கிரம் காயாது.

* ஊறுகாய் வறண்டு தெரிந்தால் மேலாக நல்லெண்ணெய் தடவுங்கள்.

* லென்ஸைத் துடைத்து, போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து டைமரில் எடுங்கள். படம் ஆடாது.

* வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’டாக அனுப்பினால் தெளிவு குறையாது.

* பாக்கெட்டில் இல்லாத முந்திரியைப் படத்தில் தூவாதீர்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்கும் மத்திய அரசின் 2022 வழிகாட்டுதல்கள் சிறு வியாபாரிக்கும் பொருந்தும்.