ஆளை விடுங்கள், ஆணையைப் பிடியுங்கள்

கேள்வி: ஐயா, நான் பணி ஓய்வு பெற்றவன். தாம்பரத்தை அடுத்த சேலையூரில் குடியிருக்கிறேன். ஒரு தலைவரின் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மதம், சாதி என்று மக்களைப் பிரிப்பதே அவர் பிழைப்பு. டிவியில் அவர் முகம் வந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிவிடுகிறேன். என் மச்சினர் அவருடைய கட்சி அனுதாபி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எங்களுக்குள் வார்த்தை தடித்து, இப்போது பேச்சுவார்த்தையே இல்லை. “அவரைவிட நீங்கதான்பா அதிகமா வெறுப்பைக் கக்கறீங்க” என்கிறாள் மகள். வெறுப்பை விட்டால் எதிர்ப்பு நீர்த்துப்போகாதா? குரூப்பை விட்டு வெளியேறிவிடலாமா?

பதில்: தலைவர் யாரென்று நீங்கள் எழுதவில்லை. நல்லதாகப் போயிற்று. குரோம்பேட்டையிலிருந்து இன்னொருவர் வேறொரு தலைவரை மனத்தில் வைத்து இதே கடிதத்தை எழுதியிருந்தாலும் என் பதில் மாறாது.

எதிர்ப்பு நீர்த்துப்போகாது. ராஜாஜியையும் பெரியாரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராகவும் பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராகவும் இருந்த நாளிலிருந்தே நண்பர்கள். பெரியாரைக் காங்கிரசுக்கு இழுத்து வந்ததில் ராஜாஜிக்குப் பெரும் பங்கு உண்டு. 1925இல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். 1937இல் ராஜாஜி மாகாண ஆட்சிக்கு வந்து பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்க, மறு ஆண்டே போராட்டம் வெடித்தது. ராஜாஜியின் அரசு பெரியாரைச் சிறையில் போட்டது. போராட்டத்தில் கைதான நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தின்போதே 1939இல் இறந்தார்கள். உயிரிழப்பு வரை போன பகை அது. 1940இல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

1953இல் அடுத்த மோதல். தொடக்கப் பள்ளியில் பாதி நாள் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்று ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்பே தைக்க வேண்டுமா என்று கேட்டு, அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி ஊர் ஊராக எதிர்த்தார் பெரியார். திமுகவும் தனியே போராடியது, காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். பிறகு வந்த காமராசர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது.

இந்த இரண்டு மோதல்களுக்கும் நடுவில், 1949 மே மாதம், ராஜாஜி கவர்னர் ஜெனரலாகத் திருவண்ணாமலைக்கு வந்திருந்தார். தன் திருமண விஷயமாக யோசனை கேட்கப் பெரியார் அவரைத்தான் தேடிப் போனார். தன்னைச் சிறையில் தள்ளிய ஆட்சிக்குத் தலைமை தாங்கியவரிடம்! 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் இறுதிச் சடங்குக்கு வந்து கண்ணீர் விட்டு அழுதார்.

பெரியார் கோபத்தை அடக்கிய சாது என்று யாரும் சொல்ல முடியாது. அவர் குறி வைத்தது ஓர் ஆணையை, ஒரு திட்டத்தை. ஆணையைத் திரும்பப் பெறச் செய்யலாம், திட்டத்தைக் கைவிடச் செய்யலாம். டிவியில் வரும் ஒரு முகத்தை நீங்கள் என்ன செய்துவிட முடியும்? திட்டித் தீர்த்ததும் ஏதோ செய்துவிட்ட நிறைவு வந்துவிடுகிறது. அந்த நிறைவுதான் உங்கள் எதிர்ப்பை நீர்க்கச் செய்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தனி மனிதரிடம் பெரியார் காட்டிய பெருந்தன்மை, ஒரு சமூகத்தையே குறிவைத்து அவர் பேசிய சில பேச்சுகளில் இல்லை. 1957இல் அப்படிப்பட்ட பேச்சுகளுக்காகச் சிறைத்தண்டனையும் பெற்றார். அந்த இடத்தில் அவரை நான் பின்பற்றச் சொல்ல மாட்டேன். வெறுப்பு ஒரு தலைவரோடு நிற்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அவருக்கு ஓட்டுப் போட்டவர், அவர் சாதி, அவர் பேசும் மொழி என்று பரவும். லோக்கல் ரயிலில் இந்தி பேசிக்கொண்டு வரும் கட்டடத் தொழிலாளியை அது முறைக்க வைக்கும். பிறகு நீங்கள் எதிர்க்கும் தலைவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் கட்சிக்கொடி மட்டும்தான்.

உங்களுக்குப் பக்கத்து ஊர்ச் செய்தி ஒன்று. 1911இலேயே பல்லாவரத்தில் குடியேறிய மறைமலை அடிகள் பழுத்த சைவர். பெரியாரோ கடவுள் மறுப்பாளர். இரு தரப்புக்கும் இடையே கடுமையான சொற்போர் நடந்திருக்கிறது. ஆனாலும் 1938இல் இந்தித் திணிப்பு வந்தபோது ஒரே பக்கம் நின்றார்கள். ஆளையே வெறுத்திருந்தால் அந்தக் கூட்டணி ஏது?

இனி நீங்கள் செய்யக்கூடியவை. அந்தத் தலைவர் பேசியதை முழுதாகக் கேளுங்கள். பாதி வெட்டிய வீடியோவைப் பார்த்துக் கொதிக்காதீர்கள். எந்த வாக்கியம் தவறு, எந்தத் தகவல் பொய் என்று குறித்து, அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அவர் உருவம், உடல்நலம், குடும்பம் பற்றிய மீம்ஸை ஃபார்வர்டு செய்யாதீர்கள். அவர் செய்த உருப்படியான காரியம் இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். குலக்கல்வியைக் கொண்டுவந்த அதே ராஜாஜிதான், 1933லேயே சாதி பார்க்காமல் தன் மகளைக் காந்தியின் மகனுக்கு மணமுடித்துக் கொடுத்தவர்.

மேடைப் பேச்சைவிட நம் தெருக்களில் எனக்குக் கவலை தருவது ‘டு-லெட்’ போர்டு. வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் முதலில் பெயர், அடுத்து “நீங்க என்ன ஆளுங்க?”, அப்புறம் “சாரி, நேத்தே அட்வான்ஸ் வாங்கிட்டோம்”. சேலையூரிலும் மேடவாக்கத்திலும் இது தினம் நடக்கிறது. எந்தத் தலைவரும் வந்து சொல்லிக்கொடுக்காமலே நடக்கிறது. உங்கள் அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் எழுந்து இதை எதிர்த்துப் பாருங்கள். டிவியைப் பார்த்துத் திட்டுவதைவிடப் பத்து மடங்கு கடினம். ஆனால் வீடு மறுக்கப்பட்ட ஒரு குடும்பத்துக்கு அதனால் வீடு கிடைக்கலாம்.

குரூப்பை விட்டு வெளியேறாதீர்கள். தடித்த வார்த்தைக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள், கருத்துக்குக் கேட்க வேண்டாம். மச்சினரிடம் போனில் பேசாமல் நேரில் போங்கள். அவருக்கு அந்தத் தலைவரிடம் என்ன பிடித்திருக்கிறது என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். அதற்குப் பிறகும் உடன்பாடு இல்லையென்றால், இல்லை என்றே சொல்லிவிட்டுச் சாப்பிட்டு வாருங்கள். ஓட்டை உங்கள் மனச்சாட்சிப்படி போடுங்கள்.