விளையாட்டில் கடிக்கும் பூனை: சில மஸ்அலாக்கள்

வடசென்னை டோல்கேட்டில் வசிக்கும் ஒரு தாயாரிடமிருந்து வந்த கேள்வி இது. அவருடைய ஒன்பது வயது மகன், காசிமேட்டு மீன் சந்தைப் பக்கம் கிடந்த பூனைக்குட்டி ஒன்றைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தான். அப்போது அது கண் திறந்து சில நாட்களே ஆன குட்டி. ஊட்டி வளர்த்தார்கள். இன்று அதற்கு எட்டு மாதம். விளையாடும்போதெல்லாம் கடிக்கிறது. பையனின் கையெல்லாம் கீறல். சென்ற வாரம் அவருடைய மாமியார் மஃரிபு தொழுதுவிட்டு முஸல்லாவில் அமர்ந்து தஸ்பீஹ் ஓதிக் கொண்டிருந்தார். ஆடிய மணியின் மீது பூனை பாய்ந்தது. கட்டை விரலின் அடியில் பல் பதிந்து இரத்தம் வந்துவிட்டது. "கோணியில் கட்டி எண்ணூர் ரோட்டில் விட்டுவிட்டு வாருங்கள்" என்கிறார் மாமியார். பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒளு முறிந்ததா? பூனையை விரட்டினால் பாவமா? வைத்துக் கொள்வதென்றால் எப்படி வைத்துக் கொள்வது? இவைதாம் கேள்விகள்.

ஒளுவின் மஸ்அலா ஓடிப் போய்விடாது. முதலில் கையைப் பாருங்கள்.

பூனையின் கோரைப்பல் ஊசி போன்றது. வெளியே தெரிவது ஒரு புள்ளி. உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். மேல் தோல் மூடிக்கொள்ள, உள்ளே சென்ற கிருமி ஓரிரு நாளில் கையை வீங்கச் செய்துவிடும். சர்க்கரை வியாதியுள்ள முதியவர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. அத்தோடு, வெறிநோய் நாய்க்கு மட்டும் உரியது என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். பூனை மூலமும் அது வரும். நோய் வெளிப்பட்ட பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே மிக அரிது. ஆகவே பல் பட்டு இரத்தம் வந்தால், ஏன், இரத்தமில்லாமல் தோல் கீறியிருந்தாலும்கூட, உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். குழாயில் தண்ணீர் வராத வேளையானால் ஒருவர் குடத்திலிருந்து மொண்டு ஊற்ற, மற்றவர் கழுவட்டும். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று பழகிய ஊர்தான். ஆனால் இந்த வேளையில் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம்.

கழுவியவுடன் மருத்துவமனை. உங்கள் பகுதிக்கு ஸ்டான்லி தொலைவில்லை. அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசி இலவசமாகவே போடப்படுகிறது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பெரியவர்கள் இன்னும் பயப்படுகிறார்கள். அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகளாகின்றன. இப்போது கையில்தான் போடுகிறார்கள். முதல் ஊசி போட்ட நாளிலிருந்து கணக்கிட்டு 3, 7, 28 ஆகிய நாட்களில் மீண்டும் போடுவது ஒரு முறை. தசையில் போடும் முறையில் 14-ஆம் நாளும் சேரும். பல் பதிந்து இரத்தம் வந்த காயத்துக்குக் காயத்தைச் சுற்றியே போடும் தனி மருந்தும் உண்டு. இதெல்லாம் டாக்டர் தீர்மானிக்க வேண்டியது. கடித்த பூனையைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்பதும் உண்மையே. ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று முதல் ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது. இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். கடித்த கோபத்தில் பூனையைக் கோணியில் கட்டி எங்கோ விட்டுவிட்டால், கவனிக்க வேண்டிய பூனையே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்!

ஓதி ஊதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓத வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மருத்துவம் செய்து கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருப்பது அபூதாவூத், திர்மிதீ கிதாபுகளில் வந்திருக்க, ஊசியை விட்டுவிட்டு ஓதுவதை மட்டும் பிடித்துக் கொள்வது எந்த வகையில் தவக்குல் ஆகும்?

இனி ஒளுவுக்கு வருவோம். பூனையைத் தொட்டதால் எந்த மத்ஹபிலும் ஒளு முறியாது. கடித்து இரத்தம் வந்ததில்தான் வித்தியாசம். ஷாஃபிஈ மத்ஹபில், முன் பின் துவாரங்களைத் தவிர உடலின் வேறு இடத்திலிருந்து இரத்தம் வந்தால், அது எவ்வளவாயினும் ஒளு முறியாது. இரத்தம் நஜீஸ் என்பதால் அதைக் கழுவிக் கொள்ள வேண்டும். கொஞ்சமாக இருந்தால் மன்னிக்கப்பட்டது. ஹனஃபி மத்ஹபில், இரத்தம் காயத்தின் வாயைத் தாண்டி வழிந்தால் ஒளு முறிந்துவிடும். புள்ளியாக நின்றுவிட்டால் முறியாது. வழியுமுன் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, 'வழியவில்லையே' என்று சொல்ல முடியாது. விட்டிருந்தால் வழிந்திருக்கும் என்றால் அது வழிந்ததாகவே கொள்ளப்படும். டோல்கேட், காலடிப்பேட்டை பக்கம் ஒரே சந்தில் இரு மத்ஹபினரும் அடுத்தடுத்து வசிக்கிறார்கள். ஒருவர் சட்டத்தை மற்றவருக்குச் சொல்லிக் குழப்ப வேண்டாம். கையைக் கால் மணி நேரம் கழுவச் சொன்னேன் அல்லவா? நஜீஸின் பேச்சு அதிலேயே தீர்ந்து போகும். ஹனஃபிகளுக்கு ஒளு மட்டும் பாக்கி.

பூனையின் எச்சில் நஜீஸா என்பதற்கு ஹதீஸிலேயே தெளிவான ஆதாரம் உண்டு. அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்ய மருமகளார் கப்ஷா தண்ணீர் வைக்கிறார்கள். ஒரு பூனை வருகிறது. அபூ கதாதா (ரலி) பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்து அதைக் குடிக்க விடுகிறார்கள். மருமகள் வியந்து பார்ப்பதைக் கண்டு, பூனை நஜீஸ் அல்லவென்றும், அது உங்களைச் சுற்றி வருபவர்களில் ஒன்றென்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக எடுத்துச் சொல்கிறார்கள். முவத்தாவிலும் நான்கு ஸுனன் கிதாபுகளிலும் இது வருகிறது. இந்தச் 'சுற்றி வருபவர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஸூரத்துந் நூர் 58-ஆம் ஆயத்தில், வீட்டில் அடிக்கடி உள்ளே வந்து போகிறவர்களைப் பற்றிப் பேசுமிடத்தில் இதே சொல்தான் வருகிறது. ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கச் சொன்னால் சிரமம் என்பதால் அங்கே சலுகை. ஒவ்வொரு பாத்திரத்தையும் கழுவச் சொன்னால் சிரமம் என்பதால் இங்கே சலுகை. பூனையை வீட்டோடு சேர்த்துப் பார்த்த சட்டம் இது.

இதைக் கொண்டு ஷாஃபிஈ மத்ஹபில் பூனையின் எச்சில் சுத்தமானது. ஹனஃபி மத்ஹபில் வேறு தண்ணீர் இருக்கும்போது அதன் மிச்சத்தைப் பயன்படுத்துவது மக்ரூஹ் தன்ஸீஹ். அது நக்கிய கையைக் கழுவாமல் தொழுவதும் அவ்வாறே. எலியைத் தின்றுவிட்டு உடனே வந்து வாய் வைத்தால் மட்டும் தண்ணீர் நஜீஸாகும். பூனை முடியைப் பற்றியும் பெண்கள் அதிகம் கேட்கிறார்கள். ஹனஃபிகளுக்கு அது சுத்தம். ஷாஃபிஈகளுக்கு உதிர்ந்த முடி நஜீஸ் என்றாலும் கொஞ்சம் மன்னிக்கப்பட்டது. பாயை உதறிவிட்டுத் தொழுங்கள். வஸ்வாஸுக்கு இடம் கொடுக்காதீர்கள். மூத்திரமும் மலமும் யாருக்கும் நஜீஸே.

இப்போது கோணிப் பை விஷயம். பூனையைக் கட்டி வைத்து, தானும் தீனி போடாமல், அது பூச்சி புழுவைத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் சென்ற செய்தி புகாரி, முஸ்லிமில் இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு, பூனையை அறையில் அடைப்பதே பாவம் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படியல்ல. தீனியும் தண்ணீரும் கொடுத்து அடைத்து வைக்கலாம் என்பதற்கு உலமாக்கள் இதே ஹதீஸையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். மறுபக்கம், விட்டுவிடுவது தவறில்லை என்றுதானே இதிலிருந்து விளங்குகிறது என்று மாமியார் கேட்கலாம். ஹதீஸில் வருவது, தானே தேடித் தின்ன வழியுள்ள பூனை. கண் திறந்த நாள் முதல் வீட்டுச் சோறு தின்ற பூனையை, கன்டெய்னர் லாரிகள் இராப்பகல் ஓடும் எண்ணூர் ரோட்டில் கோணியை அவிழ்த்துக் கொட்டுவதற்கு 'விட்டுவிடுதல்' என்று பெயர் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. வைத்துக் கொள்ளவே முடியாத வீடானால், வளர்க்கச் சம்மதிக்கிற ஒருவரிடம், இது கடிக்கும் என்ற விவரத்தையும் மறைக்காமல் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

பையனுக்கும் நாம் கடுமை காட்ட வேண்டியதில்லை. அபூ ஹுரைரா (ரலி) அவர்களுக்கு அந்தப் பெயர் வந்ததே பூனைக் குட்டியால்தான். வீட்டு ஆடுகளை மேய்த்த நாளில் ஒரு சிறு குட்டியை இரவில் மரத்தில் வைத்துவிட்டுப் பகலில் எடுத்து விளையாடியதாக அவர்களே சொன்னது திர்மிதீயில் வருகிறது. சிறுவர் அபூ உமைர் வளர்த்த சிட்டுக் குருவி இறந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அதைப் பெயர் சொல்லி விசாரித்து அந்தப் பிள்ளையைத் தேற்றினார்கள். அந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது விஷயங்களை எடுத்து, ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் தனி ஏடே எழுதினார். (பூனை உறங்கிய சட்டைக் கையை நாயகம் (ஸல்) அவர்கள் வெட்டிக் கொண்டார்கள் என்று மேடைகளில் சொல்லப்படுவதற்கு ஹதீஸ் கிதாபுகளில் ஆதாரமில்லை. அப்படிச் செய்ததாக எழுதப்பட்டிருப்பது ஹிஜ்ரி 578-இல் மறைந்த ஷைகு அஹ்மத் ரிஃபாயி (ரஹ்) அவர்களைப் பற்றி. தொழுதுவிட்டு வந்து அந்தக் கையைத் திரும்பத் தைத்துக் கொண்டார்களாம்.)

சரி, பூனை ஏன் கடிக்கிறது? வளர்த்தவரைப் பகைத்தல்ல. பூனையின் விளையாட்டு முழுவதும் வேட்டைப் பயிற்சி. பதுங்குவது, பாய்வது, பிடிப்பது, கடிப்பது எல்லாம் அதில் அடக்கம். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி தன் தாயிடமும் கூடப் பிறந்த குட்டிகளிடமும் முதல் சில வாரங்களில் கற்றுக் கொள்கிறது. ஓங்கிக் கடித்தால் மற்றக் குட்டி கத்திக் கொண்டு விலகிப் போகும், விளையாட்டு நின்றுவிடும். அதுவே பாடம். இந்தப் பூனை அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை! தாயிடமிருந்து சீக்கிரம் பிரிந்தது. பிறகு வீட்டில் என்ன நடந்திருக்கும்? குட்டியாக இருந்தபோது போர்வைக்குள் விரலை அசைத்துக் கடிக்க விட்டிருப்பார்கள். பல் வலிக்காத வயதில் எல்லோரும் சிரித்திருப்பார்கள். கை என்பது கடிக்கும் பொருள் என்று நாமே பழக்கிவிட்டு, எட்டாம் மாதத்தில் கோணியைத் தேடுகிறோம்.

பழக்கியதை மாற்றிப் பழக்கலாம். ஸூரத்துல் மாயிதா 4-ஆம் ஆயத்து வேட்டைப் பிராணிகளுக்கு மனிதன் கற்றுக் கொடுப்பதைப் பேசுகிறது. ஏவினால் போக வேண்டும், தடுத்தால் நிற்க வேண்டும், இது ஒரு முறையல்ல, திரும்பத் திரும்ப நடந்தால்தான் அது 'கற்ற பிராணி' என்று ஃபிக்ஹில் எழுதியிருக்கிறார்கள். வீட்டுப் பூனைக்கும் அவ்வளவு பொறுமை வேண்டும். இன்று முதல் வீட்டில் யார் கையும் விளையாட்டுப் பொருளாகக் கூடாது. அத்தா ஒருவர் மட்டும் விரலைக் காட்டிக் கொண்டிருந்தால் மற்றவர் பாடு வீண். ஒரு குச்சியில் கயிறு கட்டித் துணி முடிச்சைத் தொங்கவிட்டு, காலையிலும் மாலையிலும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, கடைசியில் அதைப் பிடிக்கவும் விட்டு, உடனே தீனி வையுங்கள். வேட்டை, உணவு, உறக்கம் என்பது அதன் இயற்கை. விளையாடி முடிந்ததும் கயிற்றை எடுத்து வைத்துவிடுங்கள். விழுங்கினால் குடலில் சிக்கும். மஃரிபு நேரம் பூனைக்குத் துள்ளும் நேரமாகவும் இருப்பதால், அஸருக்குப் பிறகே ஓடவிட்டுக் களைக்கச் செய்துவிட்டால் முஸல்லாவில் நிம்மதி.

கடித்துவிட்டால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் எலி ஓடுவது போல அதற்குத் தோன்றும், காயமும் கிழியும். அசையாமல் நிறுத்தி, அது விட்டதும் எழுந்து போய்விடுங்கள். பேசவும் வேண்டாம். வால் விசிறி விசிறி அடிப்பது, காது பின்னால் மடிவது, முதுகுத் தோல் துடிப்பது எல்லாம் கடிக்கு முந்திய அறிவிப்பு. அதைப் பையனுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அடிக்கக் கூடாதா என்றால், பிராணியை முகத்தில் அடிப்பது முஸ்லிமில் வரும் ஹதீஸ்படி தடுக்கப்பட்டது. புறாவைப் பிடிக்க வரும் பூனையை விலக்குவதற்கே இலேசானதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் விதி. அடியால் இன்னொரு கேடும் உண்டு. அடித்தால் பூனை பயந்து இன்னும் கடிக்கும். அதைவிட, பூனைக்கு அடி விழும், அல்லது அதை விரட்டிவிடுவார்கள் என்று பயந்து, கடிபட்டதைப் பிள்ளை மறைத்துவிடும். முழுக்கைச் சட்டை போட்டுக் கொண்டு திரியும். ஊசி போட வேண்டிய நாள் போய்விடும். எனவே தாய்மார்களே, 'கடித்தால் உடனே சொல், பூனையை ஒன்றும் செய்ய மாட்டேன்' என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுங்கள், கொடுத்ததைக் காப்பாற்றுங்கள்.

அண்டை வீட்டார் உரிமையும் இருக்கிறது. பிறர் பறவையையோ உணவையோ பாழாக்கும் பழக்கமுள்ளது என்று தெரிந்த பூனை அப்படிச் செய்தால், இரவானாலும் பகலானாலும் அதன் உடையவர் ஈடு கொடுக்க வேண்டும் என்பதே மிகச் சரியான சொல் என இமாம் நவவீ (ரஹ்) மின்ஹாஜில் எழுதியிருக்கிறார்கள். பறவைக்கே இப்படியென்றால், கடிக்கும் என்று தெரிந்த பூனையை அடுத்த வீட்டுக் குழந்தை வரும்போது உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்துவது நம் பொறுப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி உண்டு. மூன்று மாத வயதிலிருந்து போடலாம், பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் கணக்குப்படி தொடர வேண்டும். 1903-இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு மூடியுள்ள கூடையில் வைத்து எடுத்துச் செல்லலாம். இதுவரை சாதுவாக இருந்த பூனை திடீரென்று கடிக்கத் தொடங்கினால் அது விளையாட்டல்ல. பல்லிலோ காலிலோ வலி இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

மாமியாரின் தஸ்பீஹ் மணியில் பூனையின் பல் பட்டதே, கழுவ வேண்டுமா என்ற கடைசிக் கேள்வி பாக்கி. எச்சில் மட்டும் பட்டிருந்தால் ஷாஃபிஈகளுக்கு அவசியமில்லை. ஹனஃபிகளும் ஒரு முறை கழுவிக் கொண்டால் போதும். இரத்தம் பட்டிருந்தால் இரு சாராரும் கழுவிவிடவும். ஓதி முடித்ததும் மணியைப் பையில் போட்டு மேலே வைப்பது நல்லது. தொங்குகிற நூலைப் பூனை விடாது.