உலோகம் உறையும் இடம்

நுழையும்முன்

உடலில் ஓர் உலோகம் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு வினா. எங்கே இருக்கிறது என்பது மற்றொரு வினா. முதல் வினாவிற்கு வேதியியல் நெடுங்காலமாக விடை கூறி வருகிறது. இரண்டாவதற்கு விடை காண லேசர் ஒளியையும், அணுக்களை நிறைவாரியாகப் பிரிக்கும் கருவியையும் ஒன்றிணைக்க வேண்டியிருந்தது. அவ்விணைப்பு செயற்படும் விதத்தையும், வில்சன் நோய் என்னும் மரபுவழி நோயை அறிவதில் அதன் பயனையும் இப்பாடம் விளக்குகிறது.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பர். அடுக்களையில் இது பொய்ப்பதில்லை. நீர் கொதித்துச் சுழல்வதால் பானையில் உள்ள அரிசி முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தைப் பெறுகிறது. அகப்பையில் எடுத்த ஒரு பருக்கை மற்றவற்றுக்கும் சாட்சியாகிறது. மனித உறுப்புகளை யாரும் அவ்வாறு கிளறுவதில்லை. ஒரே கல்லீரலில் ஒரு பகுதி செம்பால் நிறைந்திருக்க, அதையடுத்த பகுதியில் செம்பு மிகக் குறைவாக இருக்கக்கூடும். அங்கே ஒரு சோற்றை மட்டும் பதம் பார்த்தால் நோயாளியின் வாழ்வே தவறிப்போகலாம்.

செம்பு வெளியேறாத கல்லீரல்

செம்பு உடலுக்குப் பகையன்று. செல்கள் ஆக்சிசனைப் பயன்படுத்தி ஆற்றல் பெறுவதற்குச் செம்பு கொண்ட நொதிகள் தேவை. நாள்தோறும் உணவின்வழி நாம் பெறும் செம்பு ஓரிரு மில்லிகிராம் அளவே. அதிலும் தேவைக்கு மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து வெளியேற்றிவிடுகிறது. இப்பணியைச் செய்யும் புரதத்தை உருவாக்கும் மரபணு 13ஆவது குரோமோசோமில் உள்ளது. அதன் பெயர் ஏடிபி7பி, 1993இல் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்ற குழந்தையிடம் செம்பு வெளியேறும் வழி அடைபட்டுவிடுகிறது. பல ஆண்டுகள் கல்லீரலில் தேங்கும் செம்பு, பின்னர் வழிந்து மூளையையும் கண்ணையும் அடைகிறது. சிலருக்குக் கருவிழியின் விளிம்பில் பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு வளையம் தோன்றும்.

லண்டனில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன் 1912ஆம் ஆண்டு இந்நோயை விரிவாக எழுதினார். இதன் அறிகுறிகள் பெரும்பாலும் 5 வயதிற்கும் 35 வயதிற்கும் இடையே வெளிப்படுகின்றன. கை நடுங்கும்; பேச்சு குழறும்; நன்றாக எழுதிய மாணவரின் கையெழுத்து சிதையும். ஆசிரியர்கள் இதைக் கவனக்குறைவு என்று எண்ணிக் கடிந்துகொள்ளவும் கூடும். சிகிச்சையின்றி விட்டால் இந்நோய் உயிரைப் பறிக்கும். ஆனால், செம்பைப் பற்றிச் சிறுநீர்வழி வெளியேற்றும் பெனிசிலமின் என்னும் மருந்தை ஜான் வால்ஷ் 1956இல் அறிமுகப்படுத்தினார். குடலில் செம்பு உறிஞ்சப்படாமல் தடுக்கத் துத்தநாக உப்புகளும் பயன்படுகின்றன. காலத்தே தொடங்கி வாழ்நாள் முழுவதும் மருந்துண்டால் பெரும்பாலோர் இயல்பாக வாழ இயலும். ஆகவே, நோயை உறுதிசெய்வதில் நேரும் பிழையை எளிதாக எண்ண இயலாது.

இரத்தம், சிறுநீர், கண் ஆகியவற்றின் ஆய்வில் தெளிவு பிறக்காதபோது, மருத்துவர் ஊசியால் கல்லீரலின் ஒரு சிறு இழையை எடுக்கிறார். உலர்ந்த திசுவின் ஒவ்வொரு கிராமிலும் 250 மைக்ரோகிராமுக்கு மேல் செம்பு இருந்தால் வில்சன் நோய் எனக் கொள்வது நெடுநாள் வழக்கம். நலமுடைய கல்லீரலில் இது பொதுவாக 50 மைக்ரோகிராமைத் தாண்டுவதில்லை. அளப்பதற்காக அத்திசு இழையை அமிலத்தில் கரைக்கின்றனர். கரைத்த நொடியிலேயே செம்பு எந்தச் செல்லில் இருந்தது என்னும் செய்தியும் கரைந்துபோகிறது. எஞ்சுவது சராசரி மட்டுமே. அந்த இழையோ முழுக் கல்லீரலில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்கு. கல்லீரல் சுருங்கி முடிச்சு முடிச்சாக மாறியபின், ஊசி செம்பற்ற முடிச்சில் நுழைந்துவிட்டால் விடை தவறாகவே அமையும். செம்பைக் காட்டும் சாயங்கள் உண்டெனினும், நோயின் தொடக்கத்தில் செம்பு செல்லெங்கும் பரவிக் கிடப்பதால் அவற்றுக்குப் புலப்படாமல் போவதுண்டு.

ஒளியால் கொத்தி எடுத்தல்

கரைக்காமல் அளக்க வேண்டுமாயின் திசுவை இடம் இடமாகப் படிக்க வேண்டும். சில மைக்ரோமீட்டர் தடிமனில் சீவிய திசுவைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மூடிய சிற்றறைக்குள் வைக்கின்றனர். 193 அல்லது 213 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா லேசர் துடிப்பு அதன்மீது விழுகிறது. ஒளி பட்ட புள்ளி மட்டும் நுண்துகள்களாகச் சிதறுகிறது. அறைவழி ஓடும் ஹீலியம் வாயு அத்துகள்களை ஏந்திச் சென்று ஆர்கான் பிளாஸ்மாவில் சேர்க்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியையும் பிளாஸ்மா என்றே உயிரியலில் படித்திருப்பீர்கள், இது அதுவன்று. மின்காந்த ஆற்றலால் அயனியாக்கப்பட்டு 6,000 முதல் 10,000 கெல்வின் வரை வெப்பமேறிய வாயு இது. சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலையே ஏறத்தாழ 5,800 கெல்வின்தான். அவ்வெப்பத்தில் புரதமும் கொழுப்பும் உருத்தெரியாமல் சிதைந்து தனித்தனி அணுக்களாகின்றன. உலோக அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனிகளாகின்றன. வெற்றிடத்திற்குள் இழுக்கப்படும் அயனிகளை நிறை நிறமாலைமானி நிறைவாரியாகப் பிரித்து எண்ணுகிறது.

எண்ணப்படும் அளவு எத்துணைச் சிறியது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். நீளமும் அகலமும் 10 மைக்ரோமீட்டர், தடிமன் 5 மைக்ரோமீட்டர் கொண்ட உலர்ந்த திசுப் புள்ளியின் நிறை ஏறத்தாழ அரை நானோகிராம். அதில் கிராமுக்கு 250 மைக்ரோகிராம் வீதம் செம்பு இருக்குமானால், அப்புள்ளியில் உள்ள செம்பு அணுக்கள் ஏறத்தாழ 120 கோடி. இவற்றுள் மிகச் சிறிய பங்கே எண்ணியை வந்தடைகிறது. ஆயினும் அது போதுமானது. ஒரு மில்லிமீட்டர் சதுரத் திசுவில் இத்தகைய புள்ளிகள் 10,000. ஒவ்வொரு புள்ளியின் எண்ணிக்கைக்கும் ஒரு நிறம் தந்து வரிசையாக அடுக்கினால், செம்பின் நிலப்படம் ஒன்று திரையில் விரிகிறது. ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழக வேதியியலார் வில்சன் நோயாளிகளின் ஊசித் திசுக்களை இவ்வாறு ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே ஊசி இழைக்குள்ளும் செம்பு சீராகப் பரவியிருக்கவில்லை என்பதை அப்படங்கள் காட்டின.

தெரியுமா?

தூண்டப்பட்ட பிளாஸ்மாவையும் நிறை நிறமாலைமானியையும் இணைத்த முதல் ஆய்வுக்கட்டுரை, அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள ஏம்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹௌக், ஃபாசல் ஆகியோரின் குழுவால் 1980இல் வெளியாயிற்று. அதனுடன் லேசரை இணைத்துப் பாறைகளை ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் ஆலன் கிரே, ஆண்டு 1985. பாறைக்கென உருவான இம்முறையே பின்னர் மூளைக்கும் கல்லீரலுக்கும் வந்தது.

எண்ணிக்கையை நம்பலாமா?

நிறத்தைக் கண்டு மயங்கிவிடலாகாது. கருவி காண்பது நிறையை மட்டுமே, பெயரையன்று. பிளாஸ்மாவில் உள்ள ஆர்கானின் நிறையெண் 40. அது நிறையெண் 16 உடைய ஆக்சிசனோடு சேர்ந்தால் 56 ஆகிறது. இரும்பின் முதன்மை ஐசோடோப்பும் 56. உடலெங்கும் உள்ள சோடியத்தின் 23 ஆர்கானோடு சேர்ந்தால் 63 ஆகிறது. செம்பின் மிகுதியான ஐசோடோப்பும் 63. ஆள்மாறாட்டம் என்று இதனைக் கூறலாம். இயற்கையில் செம்பின் 63ஆம் ஐசோடோப்பு 69 விழுக்காடும் 65ஆம் ஐசோடோப்பு 31 விழுக்காடும் இருக்கின்றன. அளவீட்டில் இவ்விகிதம் பிறழ்ந்தால், உடன் வேறொன்று கலந்துள்ளதோ என ஆய்வாளர் ஐயுறுகிறார். அயனிகள் செல்லும் வழியில் ஹீலியம் முதலான வாயுவை நிரப்பினால், பருமன் மிக்க போலி அயனிகள் அதிகமாக மோதி ஆற்றலிழந்து பின்தங்குகின்றன.

எண்ணிக்கையை மைக்ரோகிராமாக மாற்றுவதும் எளிதன்று. கண்ணாடியில் லேசர் பறிக்கும் அளவும் திசுவில் பறிக்கும் அளவும் வேறுவேறு. எனவே, திசுவை ஒத்த ஒன்றை அளவுகோலாகக் கொள்ள வேண்டும். இதற்கு ஆய்வாளர் கண்ட விடை நமக்கு அறிமுகமான ஜெலட்டின்தான். அதில் தெரிந்த அளவு செம்பைக் கலந்து, உறையவைத்து, திசுவைப் போலவே சீவி, அதே லேசரின்கீழ் வைக்கின்றனர். சீவும் கத்தியிலும் கவனம் வேண்டும். எஃகுக் கத்தியிலிருந்து உதிரும் குரோமியமும் நிக்கலும் உடலில் இருந்தவை போலத் தோன்றிவிடும்.

உலோகம் இயல்பாக இல்லாத இடத்திலும் இம்முறை பயன் தருகிறது. ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளோடு லாந்தனைடு உலோகம் ஒன்றைப் பிணைத்துத் திசுவின்மீது இட்டால், அவ்வுலோகம் காணப்படும் இடமே புரதம் உள்ள இடம். லாந்தனைடுகள் செல்களில் இயற்கையாக ஏறத்தாழ இல்லையாதலால் குழப்பத்திற்கு இடமில்லை. சூரிச் நகர ஆய்வாளர்கள் 2014இல் மார்பகப் புற்றுநோய்த் திசுவில் 32 புரதங்களை ஒரே வேளையில் இவ்வாறு படமாக்கினர்.

செம்பு எந்தப் புரதத்தோடு பிணைந்திருந்தது, எத்தனை மின்சுமை கொண்டிருந்தது என்பவற்றை இம்முறை கூறாது. பிளாஸ்மாவின் வெப்பத்தில் அப்பிணைப்புகள் அனைத்தும் அழிந்துவிடுகின்றன. லேசர் படித்த ஏடு மீண்டும் படிக்கக் கிடைப்பதுமில்லை. ஆகவே, திசுவைச் சீவும்போதே அடுத்தடுத்த இரு சீவல்களை எடுக்கின்றனர். ஒன்று லேசருக்கு, மற்றொன்று சாயமிட்டு நுண்ணோக்கியில் காண்பதற்கு. இரண்டையும் அருகருகே வைத்து, செம்பு மிகுந்த புள்ளிகள் எந்தச் செல்களின்மீது அமைகின்றன என நோயியல் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்கிறார்.