கார்டு வாங்கும் முன் ஸ்லாட்டைப் பார்

அன்புள்ள மருமகனுக்கு,

  

தூத்துக்குடியில் உங்கள் கிளியரிங் ஆபீஸ் சர்வருக்கு இரண்டு போர்ட் உள்ள 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு போடப்போவதாக எழுதியிருந்தாய். முதலாளி உன்னை நம்பி வேலையைக் கொடுத்ததில் எனக்குப் பெருமை. ஆனால் பணம் கட்டும் முன் இதைப் படி.

உங்கள் துறைமுகத்தில் கப்பலின் டிராஃப்டைக் கேட்காமல் பெர்த் ஒதுக்குவதில்லை. சர்வரில் கார்டு ஏற்றுவதற்கும் அந்த முறைதான். ஷிப்பிங் பில் தயாராகும் நேரத்தில் சர்வர் படுத்துவிட்டால் கட்-ஆஃப் தாண்டிப்போகும். கொழும்புக்குப் போகிற ஃபீடர் கப்பல் யாருக்காகவும் நிற்காது. இறால் ஏற்றிய ரீஃபர் பெட்டி யார்டிலேயே கிடக்கும், டெமரேஜ் ஏறும்.

முதலில், ஸ்லாட்டின் நீளத்தை நம்பாதே. எக்ஸ்16 நீளத்தில் இருக்கும் ஸ்லாட்டுக்குள் சில சமயம் எட்டு லேனோ நான்கு லேனோ மட்டும் இணைத்திருப்பார்கள். உன் கார்டின் இரண்டு போர்ட்டும் முழு வேகத்தில் ஓட நொடிக்கு 2.5 ஜிபி வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் தலைமுறையில் ஒரு லேன் தருவது 500 எம்பி. நான்கு லேனுக்கு 2 ஜிபிதான். கார்டு ஓடும், வேகம் வராது. குறை எங்கே என்று ஸ்விட்சையும் கேபிளையும் மாற்றிக்கொண்டிருப்பாய். எந்த ஸ்லாட்டில் எத்தனை லேன் என்பது சர்வரின் டெக்னிக்கல் கைடில் அட்டவணையாக இருக்கும். அதே அட்டவணையில் எந்த ஸ்லாட் எந்தப் பிராசஸருக்கு உரியது என்றும் பார். இரண்டு சாக்கெட் சர்வரில் ஒரு பிராசஸர் மட்டும் இருந்தால், இரண்டாவதற்கு உரிய ஸ்லாட்டில் போட்ட கார்டு பயாஸில்கூடத் தெரியாது.

அடுத்து டிரைவர். 2020-இல் வந்த விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ 7.0 சிஸ்டம், பழைய லினக்ஸ் வகை டிரைவர்களைக் கைவிட்டது. அதுவரை ஒழுங்காக ஓடிய பல கார்டுகள் அப்கிரேடுக்குப் பிறகு கண்ணுக்கே தெரியாமல் போயின. ஆகவே உங்கள் சிஸ்டம் எதுவோ, அதன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் கார்டைத் தேடு. பெட்டியில் அச்சிட்ட பெயர் போதாது. வெண்டர் ஐடி, டிவைஸ் ஐடி, அவற்றின் துணை ஐடிகள் இரண்டு என நான்கையும் ஒப்பிடு. 8086 என்றால் இன்டெல். அதே இன்டெல் சிப் சர்வர் கம்பெனியின் பெயரில் வரும்போது துணை ஐடி மாறும், ஃபர்ம்வேரும் மாறும்.

மற்றவை சின்ன விஷயங்கள், ஆனால் வேலையை நிறுத்திவிடும். லோ-புரொஃபைல் பிராக்கெட் தேவையா என்று கேள். எஸ்எஃப்பி மாட்யூலைக் கார்டு ஏற்குமா என்று பார். இன்டெல் எக்ஸ்520 வேறு கம்பெனி மாட்யூலைச் சாதாரணமாக ஏற்காது. டெல் பவர்எட்ஜ் சர்வர்கள் பலவற்றில் அவற்றுக்கு அறிமுகமில்லாத கார்டைப் போட்டால் விசிறிகள் வேகமெடுத்து இரையும்.

கடற்கரை ஊர் என்பதையும் மறக்காதே. மூடாமல் கிடந்த பழைய ஸ்லாட்டை டார்ச் அடித்துப் பார். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தால் அதில் கார்டைச் சொருகாதே. கார்டின் தங்க முனைகளை ரப்பரால் தேய்க்காதே. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். மூடியைத் திறக்கும் முன் முழு பேக்கப் எடுத்து, அதிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பார். அந்தப் பிரதியை ஆபீஸ் கட்டடத்துக்கு வெளியே வை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஊர் முழுக்கத் தண்ணீர் நின்றது உனக்கே தெரியும்.

சர்வர் மாடல், ஸ்லாட் எண், அதன் லேன், கார்டின் ஐடிகள், சிஸ்டம் வெர்ஷன், இவற்றை ஒரே தாளில் எழுது. பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பதாக விற்பவரிடம் எழுத்தில் வாங்கு. முதலாளி அவசரப்படுத்தினாலும் அந்தத் தாள் நிறையாமல் ஆர்டர் போடாதே.

அன்புடன்,
மாமா