படகைக் கரையேற்றிவிட்டு ஊர் திரும்புமுன்

கேள்வி: ஐயா, நானும் கணவரும் நவம்பரிலிருந்து கரீபியன் தீவுகளில் எங்கள் பாய்மரப் படகிலேயே வாழ்கிறோம். ஆன்டிகுவாவில் தொடங்கி இப்போது கிரெனடா வந்துவிட்டோம். ஜூன் முதல் வாரம் வீடு திரும்ப விமானம். நவம்பரில்தான் மறுபடி வருவோம். கண்டல் காட்டுக்குள் கட்டிவிட்டுப் போனால் படகு நிறுத்தும் யார்டு வாடகை மிச்சம் என்கிறார் பக்கத்துப் படகுக்காரர். கரையேற்றுவதானால் கடைசி மூன்று நாள் போதுமா?
— ஒரு வாசகி, டொராண்டோ

பதில்: சகோதரி, கண்டல் காட்டு யோசனையைக் கைவிடுங்கள். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. கிரெனடா 12 பாகை வடக்கில், புயல் பாதைக்குத் தெற்கே ஒதுங்கியிருக்கிறது என்று படகுக்காரர்கள் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 2004 செப்டம்பர் 7 அன்று இவான் சூறாவளி வந்து அந்த நம்பிக்கையைக் குலைத்தது. 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி கிரெனடாவின் காரியாகு தீவைத் தாக்கியபோது, அங்குள்ள டிரெல் விரிகுடாவின் கண்டல்களுக்குள் அடைக்கலம் தேடிய படகுகள் பல சேதமாயின. நெருக்கிக் கட்டிய இடத்தில் ஒன்றின் கயிறு அறுந்தால் பக்கத்துப் படகும் தப்பாது.

யார்டையும் விசாரிக்காமல் நம்பிவிடாதீர்கள். இவானில் தரையில் நின்ற படகுகளும் சாய்ந்து விழுந்தன. எடை முழுவதும் ஏரா எனும் அடிக்கட்டை வழியாக மரக்கட்டைகள் மேல் இறங்க வேண்டும். பக்கத்து முட்டுக்கால்கள் சாயாமல் பிடிக்க மட்டுமே. எதிரெதிர் முட்டுகளைச் சங்கிலியால் பிணைப்பார்களா, தரையில் பதித்த கொக்கிகளுக்கு வார்ப்பட்டை போட்டு இறுக்குவார்களா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். புயல் மாதங்களில் படகு எங்கே, எப்படி நிற்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் அதில் இருக்கும்.

மூன்று நாள் போதாது. பத்து நாளாவது ஒதுக்குங்கள், அதில் பாதி நாள், படகு தண்ணீரில் இருக்கும்போதே. நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றுக்கு முகம் கொடுத்து நிற்பதால், காற்று அடங்கிய விடியற்காலையில் பாயை விரித்து நன்னீரில் அலசி, உலர்த்தி, கழற்றிவிடலாம். யார்டில் காற்று பக்கவாட்டில் அடித்தால் அது பெரும்பாடு. முன்பாயைச் சுருட்டியபடியே மட்டும் விட்டுப்போகாதீர்கள். புயல் ஒரு நுனியைக் கிளப்பிவிட்டால் பாய் முழுவதும் பிரிந்து படகையே சாய்த்துவிடும்.

இயந்திர எண்ணெயைப் போகும்போதே மாற்றுங்கள். பழைய எண்ணெயில் சேர்ந்த அமிலம் நீங்கள் இல்லாத ஐந்து மாதமும் உலோகத்தை அரிக்கும். கடல்நீர் ஓடும் குளிர்விப்புக் குழாய்களில் நன்னீர் ஓடவிட்டு, பம்பின் ரப்பர் இம்பெல்லரைக் கழற்றி, இயந்திரச் சாவியோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிடுங்கள். திரும்பி வந்ததும் அதைப் பொருத்தாமல் சாவியைத் திருகமாட்டீர்கள். டீசல் தொட்டி நிரம்பியிருக்கட்டும். காலி இடத்தில் ஈரம் படிந்தால், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து வடிகட்டியை அடைக்கும்.

இவற்றையெல்லாம்விட நான் வலியுறுத்துவது மழைநீரை. கிரெனடாவில் ஜூனிலிருந்து ஆண்டு முடியும்வரை மழைக்காலம். சுக்கான் பிடித்து உட்காரும் காக்பிட் ஒரு தொட்டி மாதிரி. அதன் வடிகால் துளை இரண்டு விரல் அகலம் இருந்தால் அதிகம். பக்கத்து மரத்து இலை நாலு, சேறு குழைத்துக் கூடு கட்டும் குளவி ஒன்று போதும், துளை அடைபட்டுவிடும். தண்ணீர் ஏறி, வாசற்படியைத் தாண்டி, அறைக்குள் இறங்கும். தரைப்பலகை, பேட்டரி, இயந்திரம் என்று ஒவ்வொன்றாக முங்கும். எத்தனையோ கடலைத் தாண்டிய படகு காய்ந்த தரையில் நின்றபடி இப்படிப் பாழாவது கொடுமை. அதனால் கடல்நீர் வால்வுகளை மூடும்போது காக்பிட் வடிகால் வால்வுகளை மட்டும் திறந்தே விடுங்கள். முட்டுக்கொடுக்கும் நேரத்தில் நீங்களும் கூடவே நின்று, வடிகால் இருக்கும் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மாதம் இருமுறை படகில் ஏறிப் பார்க்க உள்ளூரில் ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். கனமழைக்கு மறுநாள் வடிகாலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாடகையில் மிச்சம் பிடிக்கப் பார்த்தீர்களே, அதைவிடப் பயனுள்ள செலவு இது.

உள்ளே மெத்தைகளை நிமிர்த்தி வைத்து, அலமாரிக் கதவுகளைத் திறந்துவிட்டு, சுவர்களை வினிகரால் துடைத்தால் பூஞ்சை மட்டுப்படும். அரிசி, மாவு எதையும் விட்டுவைக்காதீர்கள், கரப்பான் வரும்.

பழுதுப் பட்டியலை இப்போதே, நினைவு பசுமையாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்: ஒழுகும் ஜன்னல், இறுகிப்போன வின்ச், இழை பிரிந்த கயிறு எல்லாம். வேண்டிய உதிரிபாகங்களைக் கோடை முழுவதும் டொராண்டோவில் தேடி வாங்கி, நவம்பரில் பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாம். சுங்கத்தில் காட்ட, படகின் பதிவுப் பத்திர நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.