உடைமையிலிருந்து வாடகைக்கு: வடிவமைப்பு மென்பொருளில் சந்தா முறை

சொந்தத் தறியில் நெய்யும் நெசவாளருக்கும், பிறருடைய தறியில் கூலிக்கு நெய்பவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பொருளாதார மாணவர்கள் நன்கு அறிவர். நூல் விலை ஏறிய மாதத்தில் முன்னவர் வேலையைச் சிறிது நிறுத்திவைக்கலாம். தறி அவர் வீட்டிலேயே இருக்கும். பின்னவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இதே வேறுபாடு அச்சு, விளம்பரம், திரைப்படம், பதிப்பு ஆகிய துறைகளில் பயன்படும் கணினி மென்பொருள்களிலும் இப்போது தோன்றியுள்ளது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கப்பட்ட கருவிகள், மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் சந்தா செலுத்திப் பயன்படுத்தும் கருவிகளாக மாறியுள்ளன. இம்மாற்றத்தின் காரணங்களையும் விளைவுகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாற்றம் நிகழ்ந்த விதம்

இத்துறையில் முதன்மையான எடுத்துக்காட்டு, 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அடோபி நிறுவனமாகும். இதன் இல்லஸ்ட்ரேட்டர் 1987இலும், ஃபோட்டோஷாப் 1990இலும் வெளிவந்தன. 2003 முதல் இத்தகைய மென்பொருள்கள் கிரியேட்டிவ் சூட் என்னும் தொகுதியாக விற்கப்பட்டன. 2012இல் வெளியான ஆறாவது பதிப்பின் முழுத் தொகுதிக்கு அமெரிக்காவில் விலை 2,599 டாலர். அதே ஆண்டில் கிரியேட்டிவ் கிளவுட் என்னும் சந்தா முறையும் தொடங்கப்பட்டது. ஓராண்டு ஒப்பந்தத்தில் இதன் மாதக் கட்டணம் 49.99 டாலர். 2013 மே மாதத்தில், இனிப் புதிய பதிப்புகள் சந்தாதாரர்களுக்கு மட்டுமே கிடைக்கும் என்று நிறுவனம் அறிவித்தது.

இவ்விரு விலைகளையும் ஒப்பிடுவது பயனுள்ளதாகும். முழுத் தொகுதியின் விலையைச் சந்தாவாகச் செலுத்தி முடிக்க 52 மாதங்கள் ஆகும். அதற்குள் புதிய பதிப்புகளையும் பெற விரும்புவோருக்குச் சந்தாவே சிக்கனமானது. ஒரே பதிப்பை ஏழெட்டு ஆண்டுகள் வைத்துப் பணிபுரியும் சிறிய அச்சகத்திற்கு விலைக்கு வாங்குவதே சிக்கனமானது. புதிய முறையில் இரண்டாவது வகையினரின் வாய்ப்பு நீங்கியது.

விற்பவர் ஏன் வாடகையை விரும்புகிறார்?

மென்பொருளை உருவாக்கும் நிலைச் செலவு மிக அதிகம். மேலும் ஒரு படி தயாரிக்கும் இறுதிநிலைச் செலவோ ஏறக்குறைய ஏதுமில்லை. அது தேய்வதும் இல்லை. எனவே விற்பனையாளருக்குப் பெரிய போட்டியாக அமைவது அவரே முன்பு விற்ற பதிப்பாகும். பழையதே போதும் என்று வாடிக்கையாளர் கருதினால் புதியது விலைபோகாது.

நீடித்துழைக்கும் பண்டங்களை விற்கும் முற்றுரிமையாளர் எதிர்கொள்ளும் இவ்வகைச் சிக்கலை 1972இல் பொருளியல் அறிஞர் ரொனால்டு கோஸ் விளக்கினார். நாளை விலை குறையும் என்று வாங்குவோர் காத்திருந்தால், முற்றுரிமையாளரின் ஆற்றல் குன்றிவிடும். இதிலிருந்து தப்ப அவருக்கு உள்ள வழிகளுள் ஒன்று, பண்டத்தை விற்காமல் வாடகைக்கு விடுவதாகும்.

இது புதிய உத்தியுமன்று. அமெரிக்காவில் யுனைடெட் ஷூ மெஷினரி நிறுவனம் தன் முக்கியமான காலணித் தயாரிப்பு இயந்திரங்களை விற்காமல் குத்தகைக்கே விட்டுவந்தது. 1953இல் நீதிமன்றம், அவற்றை விலைக்கும் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனமும் தன் இயந்திரங்களை வாடகைக்கு விடுவதோடு விற்கவும் உடன்பட வேண்டியதாயிற்று. இரு நிகழ்வுகளிலும் வாடகை முறை தடை செய்யப்படவில்லை. வாங்குவோருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை வழங்கப்பட்டது என்பதே கருத்தில் கொள்ளத்தக்கது.

நன்மைகளும் குறைகளும்

சந்தா முறையின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. பெருந்தொகை திரட்ட இயலாத இளைஞர் குறைந்த முதலீட்டில் தொழில் தொடங்கலாம். திருத்தங்களும் பாதுகாப்பு மேம்பாடுகளும் உடனுக்குடன் கிடைக்கின்றன. விலைக்கு வாங்கிய மென்பொருளும் என்றென்றும் உழைப்பதில்லை. 2019இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணினி இயக்க அமைப்பில் 32 பிட் நிரல்களுக்கான ஆதரவை நிறுத்தியபின், கிரியேட்டிவ் சூட் ஆறாம் பதிப்பை அப்புதிய அமைப்பில் இயக்க இயலாமற் போயிற்று.

நிறுவனத்தின் வருவாயும் தொடக்கச் சரிவுக்குப் பின் உயர்ந்தது. 2012 நிதியாண்டில் ஏறத்தாழ 440 கோடி டாலராக இருந்த வருவாய், 2013இல் 405 கோடியாகக் குறைந்து, 2023இல் 1,941 கோடியாக வளர்ந்தது. பிற தொழிற்பிரிவுகளின் பங்கும் இதில் உண்டு.

குறைகளுள் முதலாவது, வெளியேறும் வழி குறுகுவதாகும். ஆண்டு ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் விதிக்கப்படும் கட்டணத்தைத் தெளிவாகக் கூறவில்லை, விலகுவதையும் கடினமாக்கியது என்று குற்றஞ்சாட்டி, அமெரிக்க அரசு 2024 ஜூன் மாதத்தில் அடோபி மீது வழக்குத் தொடர்ந்தது.

இரண்டாவது, கருவியின் மீதான கட்டுப்பாடு பயனாளியின் கையில் இல்லாமை. 2019 அக்டோபரில் அமெரிக்க அரசின் தடையாணையைக் காரணமாகக் கொண்டு, வெனிசுலா நாட்டுப் பயனாளிகளின் கணக்குகளை நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது. அரசின் அனுமதி கிடைத்ததால் அம்மாத இறுதியில் அம்முடிவு கைவிடப்பட்டது. எனினும், தன் நாட்டுக்கு வெளியே எடுக்கப்படும் ஒரு முடிவால் வடிவமைப்பாளரின் தொழில் நின்றுபோகக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

மூன்றாவதே மிக முக்கியமானது. சந்தா முடிந்ததும் பயனாளி தயாரித்த கோப்புகள் அவரிடமே இருக்கும். ஆனால் அவற்றைத் திறந்து திருத்தும் கருவி இராது. கருவிக்கான வாடகை, இவ்வாறு தன் உழைப்பின் பயனை அணுகுவதற்கான வாடகையாகவும் ஆகிவிடுகிறது.

இந்தியாவில் கவனிக்க வேண்டியவை

நுகர்வோர் பாதுகாப்பில் சில நடவடிக்கைகள் எடுக்கப்பட்டுள்ளன. அட்டைகள் வழியாகத் தானாகவே நடைபெறும் தொடர் கட்டணங்களுக்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு அனுப்பவேண்டும் என்னும் இந்திய ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் முழுமையாகச் செயலுக்கு வந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் குறிப்பிடப்பட்ட 13 ஏமாற்று உத்திகளுள் சந்தாப் பொறியும் ஒன்றாகும்.

அரசு நிறுவனங்களுக்கு வேறொரு பிரச்சினையும் உண்டு. ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் கணினிக் கூடத்திற்கு மானியம் ஒதுக்கப்படுவதாகக் கொள்வோம். முன்பு கணினியும் மென்பொருளும் தொடராச் செலவாக ஒரே ஆண்டில் முடிந்தன. இப்போது மென்பொருள் தொடர் செலவாகிவிட்டது. முதலாண்டு மானியத்தில் தொடங்கிய கூடம், மூன்றாம் ஆண்டில் ஒதுக்கீடு தாமதமானால் செயலற்றுப் போகும். கணினிகள் இருக்கும், மாணவர்களும் இருப்பர், பாடம் நடவாது. எனவே திட்ட மதிப்பீட்டிலேயே குறைந்தது ஐந்தாண்டுச் சந்தாவைக் கணக்கிட்டுச் சேர்ப்பது இன்றியமையாதது.

திறந்த மூல மென்பொருள்களை ஊக்குவிக்கும் கொள்கையை மத்திய அரசு 2015இல் வெளியிட்டது. ஓவியத்திற்கு இங்க்ஸ்கேப், படத் திருத்தத்திற்கு ஜிம்ப், பக்க அமைப்புக்கு ஸ்கிரைபஸ், முப்பரிமாண ஆக்கத்திற்கு பிளெண்டர் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தொழிலகங்கள் கேட்கும் மென்பொருளை மாணவர் கற்கவேண்டியதே. அதனுடன் இவற்றுள் ஒன்றையும் கற்றவர், வாடகை செலுத்த இயலாத மாதத்திலும் தொழிலை நிறுத்தமாட்டார்.

முடிந்த பணிகளைத் திறந்த தரங்களிலும் சேமித்துவைப்பது அலுவலகங்களின் வழக்கமாக வேண்டும். பி.டி.எஃப். 2008 முதல் பன்னாட்டுத் தரமாக உள்ளது. வரைபடங்களுக்கு எஸ்.வி.ஜி. வடிவம் உண்டு. இவை மூலக் கோப்புகளுக்கு முழு ஈடாகா எனினும், பணி முழுவதும் பூட்டப்பட்டுப் போகாமல் காக்கும்.

முடிவுரை

வாடகைக்கு எடுப்பது தவறன்று. அச்சகமும் பயிற்சி நிலையமும் பல பொருள்களை வாடகைக்கே எடுத்துப் பயன்படுத்துகின்றன. வாடகையை நிறுத்தும் நாளில் கையில் எஞ்சுவது என்ன என்பதே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்கவேண்டிய கேள்வியாகும். செய்த பணியும் கற்ற திறனும் எஞ்சுமாயின் சந்தா ஒரு வசதி. எதுவும் எஞ்சாதெனில் அது சார்புநிலை. இவ்வேறுபாட்டை உணர்ந்து திட்டமிடுவது, தனி வடிவமைப்பாளருக்கும் அரசு அலுவலருக்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.