இசையாக்க மாணவரின் தன்குறிப்பு

அமெரிக்க இசைக் கல்லூரிகள் பலவற்றில் இசையாக்கம் பயில விண்ணப்பிக்கும் மாணவர், தாம் இயற்றியவற்றின் இசைக்குறியீட்டுப் படிகளோடு தம் இசைப் பயிற்சி பற்றிய தன்குறிப்பையும் அனுப்புதல் வழக்கம். அதனை எழுதும் முறையை ஈண்டுக் காண்போம்.

முதலிடம் படைப்புப் பட்டியலுக்கே உரியது. தலைப்பு, இயற்றிய ஆண்டு, எந்தெந்தக் கருவிகளுக்கு உரியது, எத்தனை நிமிடம், எங்கே யாரால் இசைக்கப்பெற்றது என்னும் விவரங்களை, அண்மைப் படைப்பு முதலாக ஒரே ஒழுங்கில் தருதல் வேண்டும். அடுத்து ஆசிரியர் பெயர்கள், பயின்ற கருவிகள், இசையிலக்கணப் பயிற்சி, குழுவில் வாசித்த பட்டறிவு, பரிசுகள் ஆகியன வரும். ஓரிரு பக்கங்கள் போதும்.

பட்டியல் சிறிதாயிருக்கிறதே என அஞ்சி மிகைப்படுத்துவோரும் உளர். நண்பர் வீட்டில் வாசித்ததை அரங்கேற்றம் என்றெழுதினால், நேர்காணலில் ஒரு வினாவிலேயே உண்மை வெளிப்படும்; பின்னர் நல்ல படைப்பின்மீதும் ஐயம் படரும். புகழ்பெற்ற இசையாக்குநர் சாமுவேல் பார்பர் 1924இல் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 14. அவ்வயதில் எவர் பட்டியல்தான் நீளும்? மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: உள்ளதை உள்ளவாறு எழுதுக, எஞ்சியதைக் கற்கவன்றோ கல்லூரி!